கணிப்போடு சராசரியும் வேண்டும்

வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாகத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் மாவட்டவாரியாக மழைக் கணிப்பு தருகிறது. தென்மண்டல அலைவுக் குறியீட்டையும் கடல் வெப்பநிலையையும் ஆஸ்திரேலியாவின் 'மழைமனிதன்' மென்பொருளில் இட்டுப் பெறும் எண் அது. 60 விழுக்காடு நிகழ்தகவு என்ற குறிப்பும் கூடவே வரும். பெரம்பலூர், அரியலூர் ஊர்களுக்குள் போவதற்குள் அந்தக் குறிப்பு உதிர்ந்துவிடுகிறது. மில்லிமீட்டர் மட்டும் மிஞ்சுகிறது. கரிசலில் மக்காச்சோளமும் பருத்தியும் போட்டவர் அதை வாக்குறுதியாகவே எடுத்துக்கொள்கிறார். மழை பொய்த்தால் வசவு, கணிப்பை எடுத்துச் சொன்ன நமக்கு.

இதே சிக்கலில் மாட்டியவர்கள் ஆர்க்டிக் கடற்பனியைக் கணிப்பவர்கள். 2007-இல் பனிப்பரப்பு எதிர்பாராமல் சரிந்தது. 2008 முதல் பல நாட்டுக் குழுக்கள் செப்டம்பர் சராசரியை ஜூனிலிருந்தே கணித்து ஒரே இடத்தில் வைக்கின்றன. 2012-இல் ஜூன் கணிப்புகளின் இடைநிலை சுமார் 44 லட்சம் சதுர கிலோமீட்டர். மிஞ்சியதோ 36 லட்சம்தான். மறு ஆண்டு, சூடுபட்ட கையோடு, 41 லட்சம் என்றார்கள். பனி 50 லட்சத்தைத் தாண்டி நின்றது. இரண்டு சறுக்கலையும் பொதுவில் வைத்தே அலசினார்கள். நீண்டகாலச் சரிவை ஒட்டிய ஆண்டுகளில் கணிப்பு பலிக்கிறது, விலகும் ஆண்டுகளில் தவறுகிறது என்று தெரிந்தது. திறமை என்று எண்ணியதில் பெரும்பங்கு போக்குக்கோட்டின் தயவு! பனியின் தடிமனும், மே மாதத்தில் அதன்மேல் தேங்கி வெயிலை உறிஞ்சும் உருகுநீர்க் குட்டைகளும் முன்கூட்டியே சாடை காட்டும். 2012 ஆகஸ்டில் அடித்த பெரும்புயலை ஜூனில் யார் கண்டார்?

நமக்கும் எல் நினோ நிலவரம் செப்டம்பரிலேயே ஓரளவு தெரிந்துவிடும். எந்தத் தாழ்வு மண்டலம் எங்கே கரையேறும் என்பது தெரியாது. 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் சென்னை அருகே கரையைக் கடந்தது. அப்படியும் மாநிலத்தின் பருவமழை 62 விழுக்காடு குறைவாகவே முடிந்தது.

ஆகவே ஜனவரி பிறந்ததும் கணித்த அளவு, பெய்த அளவு, நீண்டகாலச் சராசரி மூன்றையும் வட்டாரவாரியாக அடுத்தடுத்து அச்சிட வேண்டும். சராசரியையே கணிப்பாகச் சொல்லியிருந்தால் எவ்வளவு பிழை வந்திருக்கும், மென்பொருள் அதில் எவ்வளவைக் குறைத்தது? வேப்பந்தட்டைக்கும் ஜெயங்கொண்டத்துக்கும் விடை வேறாக வரலாம். தாலுகா மழைமானிப் பதிவுகளை வைத்து இந்தக் கணக்கைப் போடுபவர்களுக்கு இவ்விதழில் இடம் உண்டு. வெள்ளம் கண்ட 2015-ஐயும் வறண்ட 2016-ஐயும் சேர்த்தே அனுப்புங்கள். பலித்த ஆண்டுகளை மட்டும் பொறுக்கிய கட்டுரைகள் வேண்டாம்.