மாடரேட்டர் நாற்காலியில் யார்?

மின்னஞ்சல் குழுக்களை நடத்தும் 'குனு மெயில்மேன்' ஒரு கட்டற்ற மென்பொருள். யாரும் இயக்கலாம், படிக்கலாம், மாற்றலாம், பகிரலாம். ஆய்வுலகத் தோழர்களுக்கு இதில் பெருமை. சரி, கடவுச்சொல் யார் கையில்?

நிறுத்திவைத்த அஞ்சலை மாடரேட்டர் ஏற்கலாம், மறுக்கலாம், அழிக்கலாம். மறுத்தால் எழுதியவருக்குத் தகவல் போகும். அழித்தால் போகாது. முனைவர் பட்டச் சேர்க்கையில் இடஒதுக்கீடு மீறப்பட்டதைப் பற்றி ஓர் ஆய்வாளர் குழுவுக்கு எழுதினேன். 'மாடரேட்டர் பார்வைக்கு அனுப்பப்பட்டது' என்று பதில் வந்தது. அதோடு சரி. அதே வாரம் ஒரு பேராசிரியரின் பாராட்டு விழா அழைப்பு மூன்று முறை வந்தது. குழுவின் நிர்வாகிகள் மூவருமே ஆதிக்க சாதியினர்.

மென்பொருளைக் குறை சொல்ல மாட்டேன். நிரல் திறந்திருந்தால் நிர்வாகமும் தானாகத் திறக்கும் என்று நம்பினோமே, அதுதான் பிழை. யார் பேசலாம் என்பதை எந்த உரிமமும் தீர்மானிப்பதில்லை. நாற்காலியில் இருப்பவர் தீர்மானிக்கிறார்.

ஆகவே மாடரேட்டர் பொறுப்பு சுழலட்டும். தலித், பழங்குடித் தோழர்கள் அதில் அமரட்டும். மறுப்பதென்றால் காரணம் சொல்லி மறுங்கள்; சத்தமில்லாமல் அழிக்காதீர்கள். முடியாது என்கிறீர்களா? மெயில்மேன் கட்டற்றதுதானே, எங்கள் குழுவை நாங்களே நிறுவிக்கொள்வோம்.