பின்னால் வரும் வேன்

அமெரிக்காவில் ஓய்வுபெற்ற தம்பதிகள் சிலர், படுக்கையும் அடுப்பும் உள்ள 'ஆர்.வி.' வண்டியில் கிறிஸ்தவ முகாம்களுக்குப் போய், பெயின்ட் அடித்து, தச்சுவேலை செய்து தருகிறார்கள். கூலி கிடையாது. நம்மூரில் அப்படி உண்டா என்கிறீர்களா? ஆகஸ்ட் கடைசியில் காரைக்கால் வந்து பாருங்கள்.

வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள். காவி உடுத்தி, மாதா சுரூபம் வைத்த சின்னத் தேரை இழுத்துக்கொண்டு வடக்கேயிருந்து நடந்து வருபவர்கள் காரைக்காலைத் தாண்டித்தான் நாகூர், நாகப்பட்டினம் போகிறார்கள். கூடவே ஒரு வேன். உள்ளே அண்டா, அடுப்பு, தண்ணீர் கேன், பாய், கால் கொப்புளத்துக்கு மருந்து. நடப்பவர்களை எல்லோரும் கும்பிடுகிறோம். வேன்காரரை யார் பார்க்கிறோம்? நடந்தவர்கள் அசந்து தூங்கும்போது அவர் அண்டா கழுவிக்கொண்டிருப்பார்.

என் பயமெல்லாம் ராத்திரிதான். இருட்டில் நடப்பவர்களுக்குக் காவல், பின்னால் விளக்கு மின்ன ஊர்ந்து வரும் அந்த வேன். அதை ஓட்டுபவருக்கே தூக்கம் இல்லாவிட்டால்? சமைத்தவரையே ஓட்டச் சொல்லாதீர்கள். பகலில் அவரைத் தூங்க விடுங்கள். தேரிலும் பைகளிலும் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டுங்கள்.

நம்மூர்க்காரர்களுக்கு ஒன்று. பசித்து வந்த அடியாருக்கு மாங்கனி படைத்த அம்மையாரின் ஊர் இது. வாசலில் வேன் நின்றால், கேட்பதற்கு முன்பே தண்ணீர்க் குழாயைக் காட்டிவிடுங்கள்!