18 எண்டு மட்டும் சொல்லாதேங்கோ

ஒவ்வொரு கிராண்ட் ஸ்லாம் தொடர் முடியும்போதும் எங்கட ஆக்களுக்குள்ள ஒரு சண்டை வரும். ஜோகோவிச் 24, நடால் 22, பெடரர் 20. இந்த மூன்று எண்களையும் சொல்லிவிட்டால் கதை முடிஞ்சுது எண்டு நினைக்கிறம். பெண்கள் பக்கம் வந்தாலும் இதே மாதிரி ஒரு பட்டியல்தான். மார்கரெட் கோர்ட் 24, செரீனா வில்லியம்ஸ் 23, ஸ்டெபி கிராப் 22, ஹெலன் வில்ஸ் மூடி 19. அதற்குக் கீழே 18 என்ற இடத்தில் இரண்டு பேர் நிற்கிறார்கள்: கிறிஸ் எவர்ட், மார்ட்டினா நவ்ரத்திலோவா.

அந்த 18 பொய்யில்லை. ஆனால் நவ்ரத்திலோவா வென்றதைச் சொல்ல அந்த ஒரு எண் காணாது. ஒற்றையர் கிராண்ட் ஸ்லாம் பட்டங்களை மட்டும் எண்ணி, யார் பெரியாள் என்று தீர்ப்புச் சொல்லும் பழக்கத்தை நாங்கள் விடவேண்டும். ஏன் அப்படிச் சொல்கிறோம் என்பதற்கு நவ்ரத்திலோவாவை விட நல்ல உதாரணம் எங்களுக்குக் கிடைக்காது.

முதலில் முழுக் கணக்கையும் பார்ப்போம். ஒற்றையரில் விம்பிள்டன் 9, அமெரிக்க ஓப்பன் 4, அவுஸ்திரேலிய ஓப்பன் 3, பிரெஞ்சு ஓப்பன் 2. அதுதான் எல்லாரும் சொல்கிற 18. பெண்கள் இரட்டையரில் 31. கலப்பு இரட்டையரில் 10. எல்லாம் சேர்த்தால் 59 கிராண்ட் ஸ்லாம் பட்டங்கள். முதலாவது 1974 இல், கொலம்பியாவின் இவான் மொலினாவோடு சேர்ந்து பிரெஞ்சு ஓப்பன் கலப்பு இரட்டையரில் வந்தது. கடைசிப் பட்டம் 2006 இல், பொப் பிரையனோடு சேர்ந்து அமெரிக்க ஓப்பன் கலப்பு இரட்டையரில். அப்போது அவருக்கு 50 வயதாக ஒரு மாதம்தான் இருந்தது. முதல் பட்டத்துக்கும் கடைசிப் பட்டத்துக்கும் இடையில் 32 வருடம்.

கிராண்ட் ஸ்லாமை விட்டுவிட்டு வருடம் முழுக்க நடக்கும் சுற்றுப் போட்டிகளைப் பார்த்தால் கணக்கு இன்னும் மாறும். நவ்ரத்திலோவா வென்ற ஒற்றையர் பட்டங்கள் மொத்தம் 167. தொழில்முறை வீரர்களுக்கும் கிராண்ட் ஸ்லாம் கதவு திறந்த 1968 க்குப் பிறகு, ஆணோ பெண்ணோ, இந்த அளவுக்கு யாரும் வெல்லவில்லை. ஆண்களில் முதலிடத்தில் இருக்கிற ஜிம்மி கொனர்ஸ் 109, பெடரர் 103. ஜோகோவிச் 100 ஐத் தொட்டதே 2025 இல்தான். இதற்கு மேல் நவ்ரத்திலோவாவுக்கு 177 இரட்டையர் பட்டங்களும் இருக்கு. இவ்வளவையும் வைத்திருக்கிற ஒருவர், நாங்கள் போடுகிற பட்டியலில் ஐந்தாம் இடத்தை இன்னொருவரோடு பங்குபோட்டுக்கொண்டு நிற்கிறார். அப்ப பிழை பட்டியலில்தான் இருக்கவேணும்.

ஸ்லாம் எண்ணிக்கைதான் எல்லாம் என்பது எப்போதும் இருந்த அளவுகோல் இல்லை. 1970களில் விளையாடியவர்கள் அப்படி நினைத்து விளையாடவில்லை. அவுஸ்திரேலிய ஓப்பனுக்குப் போவது அப்போது நீண்ட பயணம், பரிசும் குறைவு, அதுவும் வருட முடிவு விடுமுறைக் காலத்தை ஒட்டி. பியோன் போர்க் தன் வாழ்க்கையில் ஒரேயொரு தடவைதான் அங்கே விளையாடினார், 1974 இல். கிறிஸ் எவர்ட் 1976, 1977, 1978 ஆகிய மூன்று வருடமும் பிரெஞ்சு ஓப்பனுக்குப் போகவில்லை. அந்த நாட்களில் அவர் அமெரிக்காவில் உலக அணி டென்னிஸ் தொடரில் விளையாடினார். களிமண் தரையில் அவரை வெல்ல அன்றைக்கு ஆளில்லாத காலம் அது. நவ்ரத்திலோவாவும் அந்த மூன்று வருடமும் பாரிஸில் இல்லை. கோர்ட்டின் 24 ஐ எடுத்தால் அதில் 11 அவுஸ்திரேலியாவில் வென்றவை, 13 பட்டங்கள் 1968 க்கு முந்தியவை. இவர்கள் எல்லாரும் ஒரே பரீட்சையை எழுதவேயில்லை. நாங்கள்தான் பிறகு வந்து ஒரே விடைத்தாள் மாதிரி வைத்துத் திருத்துகிறோம்.

இன்னொரு விசயமும் ஸ்லாம் கணக்கில் விழாது. 1983 இல் நவ்ரத்திலோவா 86 ஒற்றையர் ஆட்டங்களில் வென்றார், ஒன்றில் தோற்றார். ஒன்றே ஒன்று. பிரெஞ்சு ஓப்பன் நான்காம் சுற்றில் 17 வயதுக் கத்லீன் ஹோர்வத்திடம் தோற்றது அது. 1984 இல் தொடர்ந்து 74 ஆட்டங்களில் வென்றார். பெண்கள் ஒற்றையரில் அந்தச் சாதனை இன்னும் உடைபடவில்லை. அந்த வருட இறுதியில் அவுஸ்திரேலிய ஓப்பன் அரையிறுதியில் ஹெலனா சுக்கோவா வந்து அதை நிறுத்தினார். வாராவாரம் வேறு நகரம், வேறு தரை, வேறு எதிராளி. அதிலெல்லாம் தோற்காமல் இருந்ததற்கு ஸ்லாம் பட்டியலில் ஒரு பெட்டியும் இல்லை.

சரி, இப்ப இரட்டையருக்கு வருவம். சண்டை வருகிற இடம் இதுதான்.

நவ்ரத்திலோவாவும் பாம் ஷ்ரைவரும் சேர்ந்து 1983 இலிருந்து 1985 வரை தொடர்ந்து 109 ஆட்டங்களில் வென்றார்கள். 1984 இல் நான்கு கிராண்ட் ஸ்லாம் இரட்டையர் பட்டங்களும் இவர்களுக்குத்தான். இருவரும் சேர்ந்து எடுத்தவை மட்டும் 20. ஷ்ரைவருக்கு ஒற்றையர் கிராண்ட் ஸ்லாம் பட்டம் ஒன்றும் இல்லை. 16 வயதில் 1978 அமெரிக்க ஓப்பன் அரையிறுதியில் இதே நவ்ரத்திலோவாவைத் தோற்கடித்து இறுதியாட்டம் வரை போனவர் அவர். எங்கட வழமையான கணக்கில் ஷ்ரைவரின் எண் பூச்சியம். 21 பெண்கள் இரட்டையர் பட்டம் வென்ற ஒருவருக்குப் பூச்சியம் போடுகிற அளவுகோலை என்னெண்டு நம்புறது?

இரட்டையர் ஆட்டம் ஒற்றையரின் பாதி இல்லை, அது வேறொரு வித்தை. பந்தை அடித்துவிட்டுப் பின்னால் நின்று காத்திருக்க ஏலாது. வலைக்கு ஓடிவந்து, பந்து தரையில் படுவதற்கு முன் அடிக்கவேணும். துணையாள் எங்கே நிற்கிறார், எந்த இடைவெளி திறந்திருக்கு என்பதை ஒரு கணத்தில் பார்க்கவேணும். நவ்ரத்திலோவாவின் ஒற்றையர் ஆட்டத்தைப் பழைய காணொளிகளில் பாருங்கோ. இடக்கைச் சேர்வ் மைதானத்துக்கு வெளியே இழுத்துக்கொண்டு போகும். எதிராளி அதை எட்டிப் பிடிக்கும்போது இவர் வலைக்கு வந்துவிட்டிருப்பார். விம்பிள்டன் புற்றரையில் பந்து எழும்பாமல் சறுக்கிக்கொண்டு போகிறபடியால் அந்த ஆட்டத்துக்குப் பதில் சொல்வது கஷ்டம். அந்த வலையாட்டத்தை வாராவாரம் தீட்டிக்கொடுத்தது இரட்டையர் மைதானம்தான். ஒன்பது விம்பிள்டன் ஒற்றையர் பட்டத்தையும் எண்ணிக்கொண்டு, அதற்குப் பயிற்சி தந்த ஆட்டத்தை எண்ணமாட்டோம் எண்டால் அது கணக்கே இல்லை.

எதிர்த்துக் கதைக்கிறவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கு. இப்ப முன்னணி ஒற்றையர் வீரர்களில் கனபேர் இரட்டையர் விளையாடுவதில்லை. அப்படியிருக்க அந்தப் பட்டத்தை ஏன் அதே தராசில் போடவேணும் என்று கேட்பார்கள். அதே தராசில் போடச் சொல்லி நாங்களும் கேட்கவில்லை. ஒரு இரட்டையர் பட்டம் ஒரு ஒற்றையர் பட்டத்துக்குச் சமன் என்று சொன்னால் அதுவும் பிழைதான். பக்கத்தில் எழுதுங்கோ, அழிக்காதேங்கோ என்றுதான் சொல்கிறோம்.

நவ்ரத்திலோவாவின் காலத்தில் பெரிய ஆட்கள் இரட்டையரில் இருந்தார்கள் என்பதையும் மறக்கக்கூடாது. 1975 பிரெஞ்சு ஓப்பன் இரட்டையரையும் 1976 விம்பிள்டன் இரட்டையரையும் அவர் வென்றது யாரோடு தெரியுமா? கிறிஸ் எவர்ட்டோடு. ஒற்றையரில் 80 தடவை மோதி, 43 க்கு 37 என்று கணக்கு முடித்த அதே இருவரும் ஒரே பக்கத்தில் நின்று கிண்ணம் தூக்கியிருக்கிறார்கள்.

பிறகு ஏன் பெரிய ஆட்கள் விலகினார்கள்? காசைப் பார்த்தால் கொஞ்சம் விளங்கும். 2024 விம்பிள்டனில் ஒற்றையர் சம்பியனுக்கு 27 இலட்சம் பவுண்ஸ். இரட்டையர் சோடிக்கு, இருவருக்கும் சேர்த்து, 6 இலட்சத்து 50 ஆயிரம். கலப்பு இரட்டையர் சோடிக்கு 1 இலட்சத்து 30 ஆயிரம். இவ்வளவு வித்தியாசத்தை வைத்துவிட்டு, இரட்டையரில் தரமான ஆட்களைக் காணேல்லை எண்டு சொல்லுறது என்ன நியாயம்?

2025 அமெரிக்க ஓப்பனில் இதை நேரேயே பார்த்தோம். கலப்பு இரட்டையரைப் பிரதான தொடருக்கு முந்தின வாரத்துக்கு மாற்றி, 16 சோடிகளாகச் சுருக்கி, பரிசை பத்து இலட்சம் டொலராக்கி, ஒற்றையர் நட்சத்திரங்களைக் கொண்டுவந்து நிறைத்தார்கள். இரட்டையரையே தொழிலாகக் கொண்டவர்களில் பெரும்பாலானவர்களுக்கு இடமில்லை. வென்றது யார்? இரட்டையரில் ஊறிய இத்தாலிச் சோடி, சாரா எர்ரானியும் அந்திரேயா வவசோரியும். முந்தின வருடமும் அந்தப் பட்டம் இவர்களுடையதுதான். இறுதியாட்டத்தில் தோற்றவர்கள் இகா ஸ்வியாடெக்கும் காஸ்பர் ரூட்டும். பெரிய பெயர்கள் வந்து நின்றாலும் அந்த வித்தை தெரிந்தவர்தான் வெல்வார் என்பதற்கு வேறென்ன சாட்சி வேணும்?

எங்கட பக்கத்து நாட்டுக்கும் இதில் ஒரு தொடர்பு இருக்கு. நான்கு கிராண்ட் ஸ்லாமிலும் ஒற்றையர், இரட்டையர், கலப்பு இரட்டையர் என மூன்றையும் வென்றவர்கள் டென்னிஸ் வரலாற்றிலேயே மூன்று பேர்தான்: டோரிஸ் ஹார்ட், மார்கரெட் கோர்ட், நவ்ரத்திலோவா. நவ்ரத்திலோவாவுக்குக் குறைவாக இருந்த கடைசிப் பட்டம் அவுஸ்திரேலிய ஓப்பன் கலப்பு இரட்டையர். 2003 இல், 46 வயதில், அதை வென்றபோது பக்கத்தில் நின்றவர் இந்தியாவின் லியாண்டர் பயஸ். அதே வருடம் இருவரும் விம்பிள்டனையும் வென்றார்கள். பயஸுக்கு மொத்தம் 18 கிராண்ட் ஸ்லாம், சானியா மிர்சாவுக்கு 6. அவ்வளவும் இரட்டையர், கலப்பு இரட்டையர். ஒற்றையர் மட்டும்தான் கணக்கு என்றால் இருவருடைய பெயருக்கு நேரேயும் பூச்சியம்தான் விழும்.

நவ்ரத்திலோவாவின் கிண்ணங்கள் எப்படி வந்தன என்பதையும் எந்த எண்ணும் சொல்லாது. 1975 அமெரிக்க ஓப்பன் முடிந்த கையோடு, 18 வயதில், கம்யூனிச செக்கோஸ்லோவாக்கியாவுக்குத் திரும்பமாட்டேன் என்று நியூயோர்க்கில் தஞ்சம் கேட்டார். குடும்பம் அங்கே, அவர் இங்கே. 1978 இல் முதல் விம்பிள்டனை வென்றபோது அவர் எந்த நாட்டின் குடியுரிமையும் இல்லாதவர். அமெரிக்கக் குடியுரிமை 1981 இல்தான் கிடைத்தது. அதே வருடம் அவருடைய பாலீர்ப்புப் பற்றிய செய்தி, அவர் விரும்பாத நேரத்தில், பத்திரிகையில் வந்தது. அவர் அதை மறுத்துக்கொண்டு ஒளியவில்லை. விளம்பரக்காரர்கள் தள்ளி நின்றார்கள். 86 வெற்றி, 1 தோல்வி என்ற அந்த 1983 இதற்குப் பிறகுதான் வந்தது. 1986 இல் பெடரேஷன் கிண்ணத்துக்காக அமெரிக்க அணியோடு பிராக் நகருக்குத் திரும்பிப் போனார். அவர் பிறந்த நகரம் அது. சொந்த நாட்டு அணிக்கு எதிராக விளையாடிய அவருக்கு அந்த மைதானம் எழுந்து கைதட்டியது. இது எந்தப் பட்டியலில் வரும்?

இப்ப எங்கட வாதத்துக்கே வசதியில்லாத ஒரு விசயம். எல்லாவற்றையும் எண்ணினால் முதலிடம் நவ்ரத்திலோவாவுக்கு வராது. ஒற்றையர் 24, இரட்டையர் 19, கலப்பு இரட்டையர் 21 என்று 64 பட்டங்களோடு மார்கரெட் கோர்ட்தான் முன்னுக்கு நிற்பார். ஒருபாலினத் திருமணத்தை வெளிப்படையாக எதிர்த்த கோர்ட்டின் பெயரை மெல்பேர்ன் மைதானத்திலிருந்து எடுக்கவேண்டும் என்று 2020 இல் நவ்ரத்திலோவாவும் ஜோன் மெக்கென்ரோவும் பதாகை பிடித்தார்கள். அதற்கு ஒரு வருடம் முந்தி, திருநங்கை வீராங்கனைகள் பற்றிச் சொன்ன கருத்துக்காக நவ்ரத்திலோவாவும் பலத்த கண்டனத்தைச் சந்தித்தார். எங்களில் பலருக்கும் அந்தக் கருத்தோடு உடன்பாடில்லை. கிண்ணத்தை எண்ணுவது வேறு, ஆளைத் தலையில் தூக்கி வைப்பது வேறு. பிடிக்காதவரின் 64 ஐயும் ஒழுங்காக எண்ணினால்தான், பிடித்தவரின் 59 ஐப் பற்றிக் கதைக்க எங்களுக்கு வாய் இருக்கும்.

எண்ணவே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. எண்ணுவது எங்களுக்கும் பிடிக்கும். எதை எண்ணுகிறோம் என்பதைச் சேர்த்துச் சொல்லுவம் என்றுதான் கேட்கிறோம். 18 ஒற்றையர் ஸ்லாம், மொத்தம் 59, சுற்றுப் போட்டிகளில் 167 ஒற்றையரும் 177 இரட்டையரும். இதைச் சொல்ல அரை நிமிடம் போகாது.

இன்றைக்கும் இந்தக் கணக்குப் பிழைத்துக்கொண்டுதான் இருக்கு. நவ்ரத்திலோவா பிறந்த அதே செக் மண்ணிலிருந்து வந்த கத்தரினா சினியாகோவா 2025 அவுஸ்திரேலிய ஓப்பனோடு பெண்கள் இரட்டையரில் பத்து கிராண்ட் ஸ்லாம் பட்டங்களைத் தொட்டுவிட்டார். எங்கட பக்கங்களில் அவருடைய பெயரை எத்தனை தரம் கண்டிருக்கிறீங்கள்? அவருடைய இரட்டையர் ஆட்டம் ஒன்றை எடுத்துப் பாருங்கோ. பந்தை விட்டுவிட்டு, அவர் வலைக்குக் கிட்ட எப்ப நகர்கிறார், எங்கே போய் நிற்கிறார் என்பதை மட்டும் ஒரு செற் முழுக்கக் கவனியுங்கோ.