இடுப்பு வலிக்கு ஒரு மாயக் கண்ணாடி

குழந்தை கீழே விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வீரிட்டு அழுகிறது. நீங்கள் என்ன செய்கிறீர்கள்? "அதோ பார், காக்கா!" என்கிறீர்கள். அழுகை நின்றுவிடுகிறது. காயம் அப்படியேதான் இருக்கிறது. வலி மட்டும் சற்று நேரம் எங்கோ போய்விடுகிறது!

தாய்மார்களின் இந்தக் கைவைத்தியத்தை அமெரிக்காவில் ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோய்விட்டார்கள். தீக்காயத்துக்குக் கட்டு மாற்றும்போது படும் வேதனை சொல்லி முடியாது. ஸியாட்டில் நகரில் ஹண்டர் ஹாஃப்மன், டேவிட் பாட்டர்ஸன் என்ற இரு நிபுணர்கள் 1996-ல் இதற்கு வழி தேடத் தொடங்கினார்கள். நோயாளியின் கண்களை மூடினாற்போல் ஒரு கண்ணாடியை மாட்டினார்கள். அதற்குள்ளே பனி மலை, பனி மனிதர்கள், பெங்குவின் பறவைகள்! நோயாளி பனி உருண்டைகளை வீசி விளையாடிக்கொண்டிருக்க, வெளியே கட்டு மாற்றும் வேலை நடக்கும். கவனம் முழுவதும் பனியில் இருந்ததால் வலி குறைவாகத் தெரிந்தது.

"கட்டு மாற்றுவது கொஞ்ச நேரச் சமாசாரம். வருஷக்கணக்காக விடாத இடுப்பு வலிக்குக் காக்கா காட்டினால் போதுமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். போதாது. அதனால் அங்கே வேடிக்கையோடு பாடமும் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

நாள்பட்ட இடுப்பு வலியுள்ள பெரியவர்களுக்காக இப்படி ஒரு கண்ணாடியை 2021 நவம்பரில் அமெரிக்க அரசாங்கத்தின் மருந்துக் கட்டுப்பாட்டு இலாகா அனுமதித்தது. டாக்டர் சீட்டு வேண்டும்; ஆனால் வீட்டிலேயே உபயோகிக்கலாம். எட்டு வாரத்தில் 56 பாடங்கள். ஒவ்வொன்றும் 2 நிமிஷம் முதல் 16 நிமிஷம் வரை. நிதானமாக மூச்சு விடுவது, உடம்பைத் தளர்த்துவது, கவனத்தைத் திருப்புவது எல்லாம் அதில் உண்டு.

பலன் எப்படி? 179 பேரிடம் சோதித்தார்கள். வலி 30 சதவிகிதத்துக்கு மேல் குறைந்ததாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு 66 பேர். அந்தப் பயிற்சி இல்லாமல் சாதாரணத் தட்டைப் படம் பார்த்தவர்களிலும் 41 பேர் அப்படிச் சொன்னார்கள். ஆகவே இது சர்வரோக நிவாரணி அல்ல. ஐந்தில் ஒருவருக்குக் கண்ணாடி உறுத்தியது. பத்தில் ஒருவருக்குத் தலைசுற்றலும் குமட்டலும் வந்தன.

"மனத்தைப் பழக்கினால் குறைகிற வலி, வெறும் பிரமைதானே?" என்று வீட்டில் யாராவது ஆரம்பித்துவிடலாம். ஒப்புக்கொள்ளாதீர்கள்! எந்த வலியையும் நமக்கு உணர்த்துவது மூளைதான். சில சமயம் காயம் ஆறிய பிறகும் நரம்புகளும் மூளையும் எச்சரிக்கையை நிறுத்துவதில்லை. திருடன் போன பின்பும் "திருடன், திருடன்!" என்று கத்தும் கூர்க்காவைப் போல! திருடன் இல்லை, ஆனால் கூச்சல் நிஜம், தூக்கம் கெடுவதும் நிஜம். அந்தக் கூர்க்காவை அமைதிப்படுத்துவதுதான் இந்தச் சிகிச்சை.

ஆகவே, "இடுப்பு விட்டுப் போகிறது" என்று மாமியார் சொன்னாலும் மருமகள் சொன்னாலும் முதலில் நம்புங்கள். மூன்று மாதத்துக்கு மேல் வலி நீடித்தால் தைலத்தோடு நிற்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். கால் மரத்தாலோ, சிறுநீர் போவதில் தொந்தரவு கண்டாலோ ஒரு நாள்கூடத் தாமதிக்க வேண்டாம்.

மாயக் கண்ணாடி எல்லார் வீட்டுக்கும் வந்துவிடாது. ஆனால் அது சொல்லித் தரும் நிதானமான மூச்சுக்குக் காசு கிடையாது. அடுப்பை அணைத்துவிட்டு ஐந்து நிமிஷம் உட்கார்ந்து பாருங்களேன்!