தீவுத்திடலா? இருங்காட்டுக்கோட்டையா? செட்டிப்பாளையமா? கார் ரேசுக்கு ஏற்ற இடம் எது? - ஒரு அலசல்

கோவை:-

கார் ரேஸ் என்றாலே அது பெரிய இடத்து சமாச்சாரம், நமக்கு எதுக்குப்பா என்று ஒதுங்கிப் போகிறவர்கள்தான் அதிகம். ஆனால் அந்த ரேஸ் நம்ம பஸ் போகிற ரோட்டில் நடந்தால்? ஆஸ்பத்திரியை ஒட்டி நடந்தால்? அரசாங்க பணத்தில் நடந்தால்? அப்போது அது நம்ம சமாச்சாரமும் ஆகிவிடுகிறது.

2024-ம் ஆண்டு சென்னை தீவுத்திடலைச் சுற்றி பார்முலா 4 கார் பந்தயம் நடந்தது. அடுத்த வருஷம் அதே போட்டித் தொடர் ரோட்டை விட்டுவிட்டு பந்தய தளத்துக்கே திரும்பியது. 2025 ஆகஸ்டு 16, 17-ந்தேதிகளில் கோவை செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும், 23, 24-ந்தேதிகளில் சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டையிலும் கார்கள் சீறின.

ஆக, மூன்று இடத்திலும் நடத்திப் பார்த்தாச்சு. இதில் எந்த இடம் உண்மையிலேயே பொருத்தமானது? விவரம் வருமாறு:-

சோழவரத்தில் தொடங்கிய கதை

தமிழ்நாட்டுக்கு கார் ரேஸ் புதுசு இல்லை. இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுபாதை ஒன்று சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் சும்மா கிடந்தது. 1950-களில் அதையே பந்தய தளமாக்கி கார், மோட்டார் சைக்கிள் பந்தயம் நடத்தினார்கள். ஊருக்கு வெளியே இருந்தும் ஜனங்கள் சாப்பாட்டு மூட்டையோடு போய்ப் பார்த்தார்கள்.

அதன் பிறகு மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தமாக ஒரு தளம் அமைத்தது. 1990-ல் திறக்கப்பட்ட இந்த தளத்தின் நீளம் சுமார் 3.7 கி.மீ. சென்னை-பெங்களூர் தேசிய நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கிறது.

நம்ம கோவைக்கு 2000-களின் தொடக்கத்தில் செட்டிப்பாளையம் தளம் வந்தது. 2.1 கி.மீ. நீளம். பந்தய கார்களை வடிவமைத்து, ஏராளமான இளைஞர்களை இந்த துறைக்குள் இழுத்து வந்த கோவை கரிவர்தன் 1995-ல் விமான விபத்தில் பலியானார். அவர் நினைவாகத்தான் அந்த பெயர். 2005-ல் பார்முலா 1 பந்தயத்தில் கார் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயனும் கோவைக்காரர்தான்.

நடுரோட்டு ரேஸ்

தீவுத்திடல் ரேஸ் முதலில் 2023 டிசம்பரில் நடக்க வேண்டியது. மிச்சாங் புயல் வந்து சென்னையையே மூழ்கடித்ததால் தள்ளிப்போனது. கடைசியில் 2024 ஆகஸ்டு 31, செப்டம்பர் 1 ஆகிய தேதிகளில் நடந்தது. கொடிமரச் சாலை, அண்ணா சாலை, சிவானந்தா சாலை, நேப்பியர் பாலம் என்று சுமார் 3.5 கி.மீ. தூரம். இரவு நேரத்தில், மின்விளக்கு வெளிச்சத்தில் கார்கள் பறந்தன.

பார்க்க அழகாகத்தான் இருந்தது. அதை மறுக்க முடியாது. ரேஸ் தளம் எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியாதவர்கள்கூட அன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசினார்கள். ஊருக்கு நடுவே நடத்துவதில் இருக்கிற பெரிய லாபம் இதுதான். ஜனங்களைத் தேடி ரேஸ் வந்தது.

ஆனால் வந்த வழியில் என்னென்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

பந்தய வட்டாரத்தில்தான் ஓமந்தூரார் அரசு பன்னோக்கு மருத்துவமனை இருக்கிறது. கொஞ்ச தூரத்தில் ராஜீவ்காந்தி அரசு பொது மருத்துவமனை. ஆம்புலன்சு எப்படி போகும், இரைச்சலை நோயாளிகள் எப்படி தாங்குவார்கள் என்ற கேள்வி ஐகோர்ட்டு வரை போனது. நிபந்தனைகளோடுதான் ஐகோர்ட்டு அனுமதி கொடுத்தது. வேலைக்குப் போய் வருகிறவர்கள் பஸ் மாறி, வழி மாறி சுற்றினார்கள்.

ரோட்டைத் தளமாக மாற்றினால் சர்வதேச மோட்டார் கூட்டமைப்பின் பாதுகாப்பு சான்றிதழ் வாங்க வேண்டும். தடுப்புச்சுவர், இரும்பு வலை, டயர் அடுக்கு எல்லாம் சரியாக இருக்கிறதா என்று ஆய்வு செய்துதான் கொடுப்பார்கள். முதல் நாள் அந்த சான்றிதழ் வர தாமதமானது. டிக்கெட் வாங்கினவர்கள் காத்துக் கிடந்தார்கள். பொழுது சாய்ந்த பிறகுதான் கார்கள் கிளம்பின.

ரூ.42 கோடி வழக்கு

அடுத்தது பணம். இந்த ரேசுக்காக அரசு செலவழித்த ரூ.42 கோடியை போட்டி நடத்தும் தனியார் நிறுவனம் திருப்பித்தர வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் சென்னை ஐகோர்ட்டு உத்தரவிட்டது. நிறுவனம் அப்பீல் போனது. 2025-ல் சுப்ரீம் கோர்ட்டு அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டது.

யார் சொன்னது சரி என்ற வாதத்துக்குள் நாம் போக வேண்டாம். ஆனால் ஒரு விஷயம் கவனிக்க வேண்டியது. ரோடு ரேசுக்காக நிறுத்துகிற தடுப்பு, வலை, விளக்கு, பார்வையாளர் மேடை எல்லாம் ரேஸ் முடிந்ததும் கழற்ற வேண்டியவை. அடுத்த வருஷம் நடத்தினால் மறுபடியும் முதலில் இருந்து தொடங்க வேண்டும். கல்யாண பந்தல் மாதிரி. பந்தலுக்கு கொடுத்த பணம் வீட்டுக்கு சுவராக நிற்காது.

ஐதராபாத் கதை இதைவிட மோசம். 2023 பிப்ரவரியில் உசேன் சாகர் ஏரிக்கரையில் மின்சார கார்களுக்கான பார்முலா இ பந்தயம் தடபுடலாக நடந்தது. அந்த வருஷக் கடைசியில் ஆட்சி மாறியது. 2024 ரேஸ் ரத்து. பணம் கொடுத்த விதம் பற்றி லஞ்ச ஒழிப்பு போலீசார் வழக்கு போடுகிற அளவுக்குப் போய்விட்டது. ரோட்டில் நடக்கிற ரேஸ் அரசாங்கத்தின் கையை நம்பி இருக்கிறது. கை மாறினால் ரேசும் போச்சு.

போலந்தில் நடந்த கூத்து

"ஸ்பீட்வே" என்று நாம் செட்டிப்பாளையம் தளத்தைச் சொல்கிறோம். ஐரோப்பாவில் அந்த பெயரில் வேறு ஒரு விளையாட்டே இருக்கிறது. அது மோட்டார் சைக்கிள் பந்தயம். மண் தளத்தில் 4 பேர், 4 சுற்று. வண்டிக்கு பிரேக்கே கிடையாது. போலந்து நாட்டில் இதற்கு வெறித்தனமான கூட்டம் உண்டு. இடம் தேர்வு செய்வதில் அவர்கள் பட்ட பாடு நமக்கு நல்ல பாடம்.

2015 ஏப்ரல் 18-ந்தேதி தலைநகர் வார்சாவில் உள்ள தேசிய ஸ்டேடியத்தில் உலக சாம்பியன்ஷிப் சுற்று ஒன்றை நடத்தினார்கள். கால்பந்து ஸ்டேடியத்துக்குள் மண்ணைக் கொட்டி தற்காலிக தளம் போட்டார்கள். 50 ஆயிரத்துக்கும் மேல் கூட்டம். ஆனால் ஸ்டார்ட் கொடுக்கிற எந்திரம் மக்கர் செய்தது. தளம் குண்டும் குழியுமாகப் பெயர்ந்தது. 23 ஓட்டம் நடக்க வேண்டிய இடத்தில் 12 ஓட்டத்தோடு நிறுத்திவிட்டார்கள். காசு கொடுத்து வந்தவர்கள் கொதித்துப் போனார்கள்.

அதற்கு முன்பே 2008-ல் ஜெர்மனியின் கெல்சன்கிர்சென் ஸ்டேடியத்தில் தற்காலிக தளம் சரியில்லை என்று போட்டியே ரத்தாகி, போலந்தில் உள்ள நிரந்தர தளத்துக்கு மாற்றப்பட்டது.

இங்கிலாந்துக்காரர்கள் தங்கள் நாட்டு சுற்றை 2001-ல் இருந்து வேல்சில் உள்ள கார்டிப் ஸ்டேடியத்தில் நடத்தி வந்தார்கள். 70 ஆயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். 2025-ல் அதை மான்செஸ்டருக்கு மாற்றினார்கள். அங்கே இருப்பது ஸ்பீட்வேக்கு என்றே 2016-ல் திறந்த நிரந்தர ஸ்டேடியம். சில ஆயிரம் பேர்தான் உட்கார முடியும். பெரிய கூட்டம் வேண்டுமா, நல்ல தளம் வேண்டுமா? இரண்டும் ஒரே இடத்தில் கிடைப்பது கஷ்டம் என்பதுதான் இதில் தெரிகிற உண்மை.

நிரந்தர தளம் என்றால் போதுமா?

போதாது. இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இருங்காட்டுக்கோட்டை தளத்தில் 2023-ம் ஆண்டு மட்டும் இரண்டு உயிர்கள் போயின. ஜனவரி மாதம் நடந்த கார் பந்தயத்தில் அனுபவம் வாய்ந்த வீரர் ஒருவர் பலியானார். ஆகஸ்டு மாதம் மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் 13 வயது சிறுவன் ஒருவன் பலியானான். 13 வயசு! நம்ம வீட்டில் அந்த வயசுப் பையன் எட்டாம் கிளாஸ் படித்துக் கொண்டிருப்பான்.

ஆகவே தளம் நல்ல தளம் என்று சொன்னால் மட்டும் போதாது. வண்டி எந்த இடத்தில் கவிழ்ந்தாலும் உடனே டாக்டர் போய்ச் சேர முடிகிறதா, பெரிய ஆஸ்பத்திரிக்கு எத்தனை நிமிஷம், எந்த வயசுப் பிள்ளைகளை எந்த வண்டியில் ஏற்றலாம், இதெல்லாம் கேட்க வேண்டிய கேள்விகள்.

இன்னொன்று. தளம் கட்டிவிட்டால் கூட்டம் தானாக வந்துவிடாது. டெல்லி அருகே நொய்டாவில் பிரமாண்ட தளம் கட்டினார்கள். 2011, 2012, 2013 என்று மூன்று வருஷம் பார்முலா 1 நடந்தது. வரி பிரச்சினையில் அதோடு நின்று போனது. நம்ம மதுரைப் பக்கமே பாருங்கள். கீழக்கரையில் 2024 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்கு என்றே அரங்கம் திறந்தார்கள். அதன் பிறகும் பொங்கலுக்கு அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு ஊருக்குள் இருக்கிற பழைய வாடிவாசலில்தான் நடந்தது. ஜனங்களின் மனசு எங்கே இருக்கிறதோ அங்கேதான் கால் போகும்.

எது சரியான இடம்?

நாலு கேள்வி போட்டுப் பார்ப்போம்.

1. உயிருக்கு எது பாதுகாப்பு? நிரந்தர தளத்தில் கார் தடம் மாறினால் சறுக்கி நிற்க மண்ணும் காலி இடமும் இருக்கும். ரோட்டில் நேராக சுவர்தான். இதில் இருங்காட்டுக்கோட்டையும் செட்டிப்பாளையமும் முந்துகின்றன. ஆனால் 2023-ல் நடந்ததை மறக்கக்கூடாது.

2. பொதுமக்களுக்கு எதில் தொல்லை குறைவு? சந்தேகமே இல்லை. ஊருக்கு வெளியே இருக்கிற தளம்தான்.

3. கூட்டம் எங்கே வரும்? தீவுத்திடலுக்குத்தான் முதல் மார்க். பஸ், ரெயில் எல்லாம் பக்கத்திலேயே இருக்கிறது.

4. பணம் எங்கே நிற்கும்? நிரந்தர தளத்தில். அங்கே போட்ட சுவர் அடுத்த வருஷமும் இருக்கும்.

நாலில் மூன்று நிரந்தர தளத்தின் பக்கம். சரி, இரண்டில் எது?

நான் கோவைக்காரன். செட்டிப்பாளையம் என்று எழுதிவிட்டு போகத்தான் ஆசை. ஆனால் ஊர்ப் பாசம் வேறு, கணக்கு வேறு. பெரிய சர்வதேச கார் பந்தயம் என்றால் இருங்காட்டுக்கோட்டைதான். தளம் நீளம். காருக்கு வேகம் எடுக்க நேர் ரோடு உண்டு. சென்னை ஆஸ்பத்திரிகளும் விமான நிலையமும் நெடுஞ்சாலையிலேயே போய்ச் சேருகிற தூரம். 2.1 கி.மீ. தளத்தில் பெரிய வண்டிகள் அதிகம் ஓடினால் நெரிசல்தான் ஆகும்.

செட்டிப்பாளையத்துக்கு வேறு பெருமை இருக்கிறது. தேசிய போட்டிகள், சின்ன கார்கள், மோட்டார் சைக்கிள்கள், புதுப் பையன்களை வளர்த்து விடுவது. இதற்கு அதைவிட நல்ல இடம் அமைவது கஷ்டம். அடுத்த நரேன் அங்கிருந்து வரட்டும். அதுவே போதும்.

அரசாங்கம் செய்ய வேண்டியது

இரண்டு தளமும் அரசாங்க சொத்து கிடையாது. வேலிக்கு உள்ளே அரசு பணத்தைக் கொட்டினால் அதுவும் தப்பு. வேலிக்கு வெளியே செலவு பண்ணலாம். நல்ல ரோடு, ரேஸ் நாளில் சிறப்பு பஸ், குடிதண்ணீர், கழிப்பறை, தயார் நிலையில் 108 ஆம்புலன்சுகள். இது எல்லாம் ரேஸ் இல்லாத நாளிலும் அந்த ஊர் ஜனங்களுக்கு உபயோகப்படும்.

போட்டி நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு நாள் கூலிக்குள் ஒரு டிக்கெட் வையுங்கள். மெக்கானிக் கடையில் வேலை பார்க்கிற பையனும், லேத்து பட்டறையில் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகிற தொழிலாளியும் வந்து பார்க்கட்டும். அந்த என்ஜின் சத்தம் அவர்களுக்கு புரிகிற மாதிரி வேறு யாருக்கும் புரியாது.

சோழவரத்துக்கு ஜனங்கள் தேடிப்போன காலம் உண்டு. பஸ்சும், நிழலும், கட்டுப்படியாகிற டிக்கெட்டும் இருந்தால் இருங்காட்டுக்கோட்டைக்கும் செட்டிப்பாளையத்துக்கும் போவார்கள். ரேசை ரோட்டுக்கு கொண்டு வருவதைவிட, ஜனங்களை தளத்துக்கு கொண்டு போவதுதான் செலவும் கம்மி, ஆபத்தும் கம்மி.

அடுத்த ரேஸ் எங்கே என்று அறிவிப்பு வரும்போது, இந்த நாலு கேள்வியையும் வைத்து நீங்களே மார்க் போட்டுப் பாருங்கள்.