கும்பிடும் பாசி

கரையொதுங்கிய கட்டைக்கோரைப் பாசிக் கொத்து ஒன்றைப் பாம்பனிலிருந்து கொண்டுவந்து, கடல்நீர் விட்ட கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு வகுப்பு மேஜைமீது வைத்திருந்தேன். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "ஸார், பாசி கும்பிடுகிறது!" என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். தண்ணீர் ஓட்டத்தில் பாசி அசைவது சகஜந்தான் என்று சொல்லி அவனை உட்கார வைத்துவிட்டேன்.

கிண்ணத்தில் ஓட்டம் ஏது? அந்த யோசனை மணி அடித்த பிறகே எனக்கு வந்தது. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். பையன் சொன்னதே மெய். பாசிக்கிளை போன்ற மெல்லிய ஜந்து ஒன்று, பின்னங்கால்களால் பாசியைப் பற்றி நிமிர்ந்து நின்று, முன்கைகளைக் கூப்பி வணங்கிக்கொண்டிருந்தது. நீளம் அரை அங்குலம்கூட இராது.

மேனாட்டார் இந்த இனத்துக்கு எலும்புக்கூட்டு இறால் என்று பெயரிட்டிருக்கிறார்கள். எலும்பு என்பது இதற்குக் கிடையாது. நாம் உண்ணும் இறாலும் அல்ல. கரையில் மக்கிய பாசியைப் புரட்டினால் துள்ளி ஓடுகின்றனவே சிறு பூச்சிகள், அவற்றின் நெருங்கிய பந்து இது. வயிற்றுப் பகுதி அநேகமாகத் தேய்ந்து மறைந்துவிட்டது. மார்புக் கணுக்கள் மட்டும் நீண்டு குச்சியாகிவிட்டன. கம்பளிப் புழுவைப் போல் வளைந்து வளைந்து நடக்கிறது. பாசி, பஞ்சுயிர், கடற்புல், தோணிக் கயிறு, கப்பலின் அடிப்பாகம் என்று பற்றிக்கொள்ள ஏதேனும் கிடைத்தால் அதுவே இதற்கு வீடு. நீரில் மிதந்து வரும் நுண்பொருள்களையும் சிற்றுயிர்களையும் உண்டு, தான் மீனுக்கு இரையாகிறது.

நமது கடலில் இதைத் தேடியவர்கள் உண்டு. முத்துச் சிப்பிகளை ஆராய 1902-ல் இலங்கைக்கு வந்த ஹெர்ட்மன் சேகரித்தவற்றைப் பற்றி, இந்தக் குடும்பத்தில் பெரும் நிபுணரான பால் மேயர் 1904-ல் எழுதினார். சென்னை அரசாங்க மியூஸியம் 1927-ல் வெளியிட்ட குருசடைத் தீவுப் பிராணிகளைப் பற்றிய நூலிலும் இவற்றுக்கு இடம் கிடைத்தது.

இனம் பிரித்து அறிவதுதான் சிரமம். தலையில் முள் உண்டா, பெரிய கையின் உள்ளங்கைப் பக்கத்தில் பல் எத்தனை, மூன்றாம் நான்காம் கணுக்களில் பை போன்ற செவுள்களோடு சிறு கால்களும் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். பெண்ணும் குஞ்சும் நம்மை ஏமாற்றிவிடும். முதிர்ந்த ஆணே நல்ல சாட்சி.

இத்தனை பாடு எதற்கு என்று கேட்கலாம். மற்ற கடற்பிராணிகள் பலவற்றின் குஞ்சுகள் நீரில் மிதந்து ஊர் ஊராகப் பரவும். இதற்கு அந்தப் பருவமே கிடையாது. தாயின் மார்புப் பையிலிருந்து தாயின் சிறிய நகலாகவே குஞ்சு வெளிவருகிறது; சில இனங்களில் சில நாள் தாயின் உடலையே பற்றிக்கொண்டிருக்கும். ஆகவே தொலைதூரம் போக மிதக்கும் பாசியோ கப்பலோதான் வாகனம். மொரீஷியஸ் தீவில் கண்டெடுத்து 1836-ல் டெம்பிள்டன் பெயரிட்ட ஓர் இனம், 1994-ல் மத்தியதரைக் கடலில் அகப்பட்டது! பாம்பனில் நாம் காண்பது பழங்குடியா, கப்பலேறி வந்த விருந்தாளியா என்பதை அந்த முள்ளும் பல்லுமே சொல்ல வேண்டும். பழங்குடியானால், அது பற்றியிருக்கும் பாசித் திட்டு அழிந்தபின் அந்த இடத்தில் மறுபடி குடியேறுவது எளிதல்ல. பாசி எடுத்துப் பிழைக்கும் பெண்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் மணலில் உலர்த்தும் குவியலில் பாசி மட்டும் இல்லை என்கிறேன், அவ்வளவுதான்.

பிள்ளைகளுக்குக் காட்ட விரும்பும் பெற்றோர் குருசடைக்குப் போக வேண்டாம். அந்தத் தீவும் சேர்ந்த இருபத்தொரு தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா, உத்தரவின்றி இறங்கலாகாது. கரையொதுங்கிய ஈரப்பாசி ஒரு பிடி போதும். வெள்ளைத் தட்டில் கடல்நீர் விட்டு உதறிப் பாருங்கள்.

மறுநாள் வகுப்பில் அந்தப் பையனை எழுப்பி, "நீ சொன்னது சரி, நான் சொன்னது தப்பு" என்றேன். அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பூதக்கண்ணாடியை வாங்கிக்கொண்டு, "ஸார், இதன் மார்பில் பை இருக்கிறது" என்றான். பள்ளி விட்டதும் இருவருமாகப் போய்க் கிண்ணத்தைக் கடலில் கவிழ்த்துவிட்டு வந்தோம்.