குடிக்காதவனின் ஈரல்

"நாமதான் தொடுறதே இல்லையே, நமக்கென்ன?" ஈரலில் கொழுப்பு என்று பேச்செடுத்தால் எங்கள் ஊரான நுரைச்சோலையில் வருகிற பதில் இது. மதுவை விலக்கி வாழும் முஸ்லிம் குடும்பங்கள் நிறைந்த ஊர். ஆகவே ஈரல் கெடுவது குடிகாரர்களின் சங்கதி என்று ஒதுக்கிவிட்டோம். ஸ்கேன் அறிக்கையில் கொழுப்பு என்று வந்தால், ஊர் என்ன நினைக்குமோ என்று அதை மறைக்கிறவர்களும் உண்டு.

குடியால் ஈரல் கெடும் என்பது உண்மை. குடிக்காவிட்டால் கெடாது என்பது பொய். களனிப் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2007இல் றாகமைப் பகுதியில் 35 முதல் 64 வயதுக்காரர்களை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மதுவோடு தொடர்பில்லாத ஈரல் கொழுப்பு இருந்தது. றாகமை கொழும்பை அண்டிய ஊர், அங்குள்ளவர்கள் உட்கார்ந்து சம்பாதிப்பவர்கள் என்று தட்டிக்கழிக்கவும் வழியில்லை. நுவரெலியா மாவட்டத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் பற்றி 2011இல் வெளிவந்த ஆய்வில் அது 18 வீதம். மலையேறி உழைக்கும் ஏழைகளையே விடாத வருத்தம், நம் ஊர் வெங்காயத் தோட்டக்காரரையும் மீனவரையும் பார்த்து விலகிப் போகுமா?

உடல் செலவழிக்காத சீனியையும் மாச்சத்தையும் ஈரல் கொழுப்பாக மாற்றிவிடுகிறது. நம் சாப்பாட்டைப் பாருங்கள். கரண்டி கரண்டியாகச் சீனி போட்ட தேத்தண்ணி, அதுவும் நாளுக்குப் பல தரம். கல்யாண சஹனில் நெய்ச்சோறு, பிறகு வட்டிலப்பம், அதற்கும் மேலே சோடா. நோன்பு திறந்ததும் சர்பத்தும் பொரித்த ரோல்ஸும் சமோசாவும். (வீண்விரயம் செய்யாமல் உண்ணச் சொல்கிற மார்க்கத்தை அந்த நேரம் யாரும் நினைவூட்டுவதில்லை.) இங்குள்ள அனல் மின் நிலையத்தின் கரித்தூள் மீது ஊருக்குள்ள கோபம் நியாயமானது. அதில் பாதியையாவது சோடாப் போத்தல் மீது காட்டலாம். அரசை நம்பியும் பயனில்லை: இனிப்புப் பானங்களுக்குச் சீனியின் அளவுப்படி 2017 நவம்பரில் போட்ட வரியை அடுத்த ஆண்டே குறைத்தது.

"வலி இல்லையே" என்பது அடுத்த சமாதானம். ஈரல் தழும்பேறிச் சுருங்கும் வரை பெரும்பாலும் வலிக்காது. அதற்கு முன்பே கண்டுகொண்டால், உடல் நிறையில் ஏழு முதல் பத்து வீதம் குறைத்தாலே கொழுப்பும் அழற்சியும் தணியக்கூடும்.

சீனி வருத்தம் உள்ளவர்களுக்கும் வயிறு பெருத்தவர்களுக்கும் ஆபத்து அதிகம். வயது, இரண்டு ஈரல் நொதிகள், இரத்தத் தட்டுகளின் எண்ணிக்கை ஆகியவற்றை வைத்தே தழும்பு இருக்க வாய்ப்புண்டா என்று வைத்தியர் கணக்கிட்டுவிடலாம். அடுத்த முறை சீனி கிளினிக்குக்குப் போகும்போது, குடிக்கிறவரோ குடிக்காதவரோ, ஈரலையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.